வீட்டுக் கணக்கு: எப்போ ஒண்ணா சேரும்?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ரசத்துக்குப் பருப்பைக் கரைத்துக் கொண்டிருந்தேன். பக்கத்து போர்ஷனிலிருந்து முதலில் ஓர் அதட்டல், அப்புறம் ஓர் அழுகை. கொஞ்ச நேரத்தில் இரண்டும் என் வாசலுக்கே வந்துவிட்டன. முன்னால் அம்மா, பின்னால் கணக்கு நோட்டும் கண்ணீருமாக ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்.

"நீங்களே கேளுங்க மாமி. இந்த எல்.ஸி.எம்.மை ஒரு வாரமா சொல்லிக் குடுத்துண்டிருக்கேன். மண்டையில ஏறவே மாட்டேங்கறது. எனக்கும் கணக்கு வராது, இவளுக்கும் அப்படியே வந்து வாய்ச்சிருக்கு!"

அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. 'ஓகோ, அப்படித்தான் போலிருக்கு' என்று அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டுவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அழுகையைவிட அதுதான் பயமாக இருந்தது.

சகோதரிகளே, பெண் குழந்தையின் எதிரில் தயவுசெய்து இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். "உன் மூக்கு உங்க அத்தை மூக்கு" என்று சொல்வதுபோல, "உனக்குக் கணக்கு வராது, அது எங்க குடும்பத்து வாகு" என்று சொல்லிவிடுகிறோம். மூக்கை மாற்ற முடியாது. கணக்கு அப்படியா?

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 12-க்கும் 18-க்கும் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்க வேண்டும். குழந்தை 216 என்று எழுதியிருந்தாள். மேலே சிவப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. எப்படித் தப்பு, ஏன் தப்பு என்று ஒரு வரிகூட இல்லை.

"எப்படிம்மா இந்த விடை வந்தது?"

"ரெண்டையும் பெருக்கினேன் மாமி." கொஞ்சம் தயங்கிவிட்டு, "216 பன்னிரண்டாலயும் வகுபடுது. பதினெட்டாலயும் வகுபடுது. அப்புறம் ஏன் தப்பு?" என்றாள்.

கணக்கு வராத குழந்தை கேட்கிற கேள்வியா இது? இதைவிட நல்ல கேள்வி அந்தப் பாடத்திலேயே கிடையாது. ஒரு வாரமாக அவளுக்கு வழிமுறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பாட்டியின் மாத்திரை டப்பா

"உங்க பாட்டியோட மாத்திரை டப்பாவை எடுத்துண்டு வா" என்றேன். இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

காரணம் இருக்கிறது. போன மாதம் அந்தப் பாட்டி கூடத்தில் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. சர்க்கரை மாத்திரை டப்பா நிறைய இருந்ததால், 'மருந்து இருக்கிறது' என்று எல்லோரும் நினைத்துக் கொண்டிருந்தார்கள். ஒன்று தீரும்போது இன்னொன்று பாதி இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை மருந்துக் கடைக்கு ஓட்டம். எந்த வீட்டில் இல்லை இது?

பாட்டிக்கு மூன்று மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு தினம் ஒன்று, அட்டைக்குப் பதினைந்து. அதாவது ஓர் அட்டை 15 நாள். இன்னொன்று, டாக்டர் தினம் பாதி மாத்திரை எழுதியிருக்கிறார், அட்டைக்குப் பத்து. ஆக ஓர் அட்டை 20 நாள். சர்க்கரைக்குக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பத்து மாத்திரை அட்டை 5 நாளில் தீரும்.

"முதல் ரெண்டை மட்டும் பார்ப்போம். இன்னிக்கு ரெண்டு புது அட்டையையும் ஒண்ணா பிரிக்கறோம். ரெண்டும் ஒரே நாள்ல தீரணும். எத்தனாவது நாள்?"

குழந்தை பழக்க தோஷத்தில் பெருக்கினாள். "முந்நூறு."

"சரி. முந்நூறாவது நாள் ரெண்டும் சேர்ந்துதான் தீரும். தப்பே இல்லை. ஆனா அதுக்கு முன்னால ஒரு நாள்கூடச் சேரவே சேராதா?"

விரல் விட ஆரம்பித்தாள். "பதினஞ்சு, முப்பது, நாப்பத்தஞ்சு, அறுபது... இருபது, நாப்பது, அறுபது... மாமி, அறுபது!"

"அப்போ முந்நூறு?"

"அது அஞ்சாவது தடவை சேர்றது!"

பார்த்தீர்களா? ஒரு வாரம் ஏறாதது ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது. பொது மடங்கு என்றால் இரண்டும் சேருகிற இடம். அப்படிப்பட்ட இடங்களுக்குக் கணக்கே இல்லை. 60, 120, 180 என்று போய்க்கொண்டே இருக்கும். மீச்சிறு பொது மடங்கு என்றால் முதல்முதலாகச் சேருகிற இடம். அவள் எழுதிய 216-ம் பொது மடங்குதான். ஆனால் 12-ம் 18-ம் 36-லேயே சேர்ந்துவிடுகின்றன. 216 அவை ஆறாவது தடவை சந்திக்கிற இடம். சிவப்பு மையில் 'பொது மடங்கு சரி, மீச்சிறு இல்லை' என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் அந்தக் குழந்தை ஒரு வாரம் அழுதிருக்க மாட்டாள்.

மூன்றாவது மாத்திரை 5 நாள் அல்லவா? 60 ஏற்கெனவே 5-ஆல் வகுபடுகிறது. ஆகவே மூன்றும் சேர்ந்து 60-ஆம் நாள் தீரும். முதலாவது 4 அட்டை, பாதி மாத்திரை 3 அட்டை, சர்க்கரை மாத்திரை 12 அட்டை. இரண்டு மாதத்துக்கு ஒரே ஒரு நடை. ஆரம்பிக்கும் முன்பு கையில் பாக்கி இருப்பதை எண்ணிக் கழித்துக் கொள்ளுங்கள். 55-ஆம் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். டாக்டர் அளவை மாற்றினால் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

பெருக்கினால் ஏன் பெரிதாகிறது?

12-ஐப் பிரித்தால் 2 × 2 × 3. 18-ஐப் பிரித்தால் 2 × 3 × 3. இதற்குமேல் பிரிக்க முடியாத இந்த 2, 3, 5, 7 எல்லாம் பகா எண்கள்.

இதைச் சமையலறையில் வைத்துச் சொல்கிறேன். இன்று சாம்பாருக்கு உங்களுக்கு மூன்று கிண்ணம் வேண்டும். நாளைக்குப் பாயசத்துக்கு இரண்டு கிண்ணம் வேண்டும். வீட்டில் எத்தனை கிண்ணம் இருந்தால் போதும்? ஐந்தா? மூன்று போதுமே! இன்று கழுவி வைத்ததே நாளைக்கும் ஆகும். எதற்கு அதிகமாக வேண்டுமோ அந்த அளவு இருந்தால் மற்றதற்கும் போதும்.

இங்கேயும் அப்படித்தான். 12-க்கு இரண்டு 2 வேண்டும். 18-க்கு ஒன்று போதும். ஆகவே இரண்டு 2 வைத்துக்கொள்வோம். 12-க்கு ஒரு 3; 18-க்கு இரண்டு 3. ஆகவே இரண்டு 3. பெருக்கினால் 2 × 2 × 3 × 3 = 36. குழந்தை நேராகப் பெருக்கியபோது, இருவருக்கும் பொதுவான 2 × 3, அதாவது 6, இரண்டு தடவை வந்துவிட்டது. அதனால்தான் விடை ஆறு மடங்கு பெரிதானது. 216-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள். 36 வந்து நிற்கும்.

இதுவே ஒரு குறுக்கு வழி. இரண்டு எண்களைப் பெருக்கி, அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியால் (நம் காலத்தில் மீப்பெரு பொது வகுத்தி என்றார்கள்) வகுத்தால் மீச்சிறு பொது மடங்கு. ஆனால் ஜாக்கிரதை! இந்தக் குறுக்கு வழி இரண்டு எண்களுக்கு மட்டும்தான். 2, 4, 6 மூன்றையும் பெருக்கினால் 48. மூன்றுக்கும் பொதுவான 2-ஆல் வகுத்தால் 24. நிஜ விடையோ 12. மூன்று எண்கள் என்றால் ஏணி முறைதான் நம்பகமானது.

நவராத்திரித் தாம்பூலமும் ஏணியும்

கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க மூன்று சாமான் வாங்குகிறீர்கள். ரவிக்கைத் துண்டு கட்டுக்கு 8. குங்குமச் சிமிழ் டஜன். சின்னக் கண்ணாடி பெட்டிக்கு 15. ஒன்றுகூட மிச்சம் விழக்கூடாது. ஆளுக்கு ஒவ்வொன்று போக வேண்டும். குறைந்தது எத்தனை பேர்?

8, 12, 15 என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். 2-ஆல் வகுத்தால் 4, 6, 15. பதினைந்து வகுபடாது, அதை அப்படியே கீழே இறக்கிவிட வேண்டும். மறுபடி 2-ஆல்: 2, 3, 15. இப்போது 3-ஆல்: 2, 1, 5. இனி எந்த இரண்டுக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை. நிறுத்திவிடலாம். இடப்பக்கத்தில் 2, 2, 3. அடியில் 2, 1, 5. எல்லாவற்றையும் பெருக்கினால் 120.

குழந்தைகள் தப்பு செய்கிற இடம் இங்கே இரண்டு. ஒன்று, மூன்றும் வகுபட்டால்தான் வகுக்க வேண்டும் என்று நினைத்துப் பாதியிலேயே நிறுத்திவிடுவது. அப்படியில்லை, இரண்டு எண் வகுபட்டாலே மேலே போகலாம். இன்னொன்று, இடப்பக்கத்து எண்களை மட்டும் பெருக்கிவிட்டு அடிவரிசையை மறந்துவிடுவது.

அதிருக்கட்டும், 120 பேரை எங்கே உட்கார வைப்பது? இங்கேதான் கணக்கு நமக்கு யோசனை சொல்கிறது. 15 கண்ணாடிப் பெட்டிக்குப் பதிலாக 6 கண்ணாடிப் பெட்டி கிடைக்குமா என்று கேளுங்கள். 8, 12, 6 மூன்றும் 24-லேயே சேர்ந்துவிடும். 24 பேர் என்றால் ஒன்பது நாளில் சுலபமாக அழைத்துவிடலாம். எண்களுக்குள் உறவு அதிகமாக இருந்தால் சந்திப்பு சீக்கிரம் வரும். உறவே இல்லாவிட்டால் தாமதமாகும்.

ரொம்பத் தாமதமாகிற ஒன்றைச் சொல்லட்டுமா? அமெரிக்காவில் ஒருவகைச் சில்வண்டு உண்டு. வருஷக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டு லட்சக்கணக்கில் ஒன்றாக வெளியே வரும். சில கூட்டங்கள் 13 வருஷத்துக்கு ஒரு தடவை, சில கூட்டங்கள் 17 வருஷத்துக்கு ஒரு தடவை. 13-ம் 17-ம் பகா எண்கள். பொதுக் காரணி எதுவும் இல்லை. ஆகவே பெருக்கியதே விடை: 221. அப்படிப்பட்ட இரண்டு பெரிய கூட்டங்கள் 2024-ஆம் ஆண்டு ஒரே சமயத்தில் வெளிவந்தன. அதற்கு முன்னால் அவை சேர்ந்து வந்தது 1803-இல். கழித்துப் பாருங்கள்!

பாட்டி சொன்ன கணக்கு

இதற்குள் பாட்டியே தன் டப்பாவைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். அறுபது என்ற பேச்சைக் கேட்டதும், "என்னடி, எங்க அறுபதாங் கல்யாணம் மாதிரின்னா இருக்கு!" என்றார்.

பாட்டி விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் உண்மை. வியாழன் சூரியனை ஒரு சுற்று சுற்ற சுமார் 12 வருஷம். சனி சுற்ற சுமார் 30 வருஷம். 12-க்கும் 30-க்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ஒருவர் பிறந்தபோது வானத்தில் இருந்த இடத்துக்கு இந்த இரண்டு கிரகங்களும் ஏறக்குறைய ஒன்றாகத் திரும்பி வருவது அறுபது வயதில். நுணுக்கமாகப் பார்த்தால் வியாழனுக்கு 11.86 வருஷம், சனிக்கு 29.46 வருஷம். அதனால் அச்சு அசலாக அதே இடம் இல்லை, ஆனால் பக்கத்தில்தான். நம் தமிழ் வருஷப் பெயர்களும் பிரபவ முதல் அட்சய வரை அறுபதுதானே! 1964-இல் தொடங்கிய குரோதி வருஷம் மறுபடி 2024-இல் வந்தது.

பாட்டிக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. அவருடைய அப்பா பழைய கீழ்வாயிலக்கம் ஒப்பிப்பாராம். "மா, காணி, மாகாணி, வீசம்... இப்ப யாருக்குத் தெரியும்?"

மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டுவது எப்படி? 20-க்கும் 80-க்கும் மீச்சிறு பொது மடங்கு 80. ஒரு மா என்பது நாலு காணி. அதோடு ஒரு காணி சேர்த்தால் ஐந்து காணி. எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதற்குப் பெயர்தான் மாகாணி! மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. பெயரிலேயே கூட்டல் கணக்கு இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை வைத்திருப்பதும் முக்கியமாக இந்தப் பின்னக் கூட்டலுக்காகத்தான். ஆறில் ஒன்றையும் எட்டில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் குழந்தைகள் கீழே 14 என்று போட்டுவிடுகிறார்கள். ஆறு துண்டு போட்ட அடையில் ஒரு துண்டும், எட்டு துண்டு போட்ட அடையில் ஒரு துண்டும் ஒரே அளவா? இல்லையே! இரண்டையும் ஒரே அளவுத் துண்டாக்க வேண்டும். 6-ம் 8-ம் சேருகிற இடம் 24. அப்போது 24-இல் நாலும் 24-இல் மூன்றும். ஆக 24-இல் ஏழு.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கடைசியாக ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'மீச்சிறு' என்று பெயரில் இருப்பதால் விடை சின்னதாக வரும் என்று நினைத்துக் குழந்தைகள் 12-க்கும் 18-க்கும் 6 என்று எழுதிவிடுகிறார்கள். 'மீப்பெரு' என்றால் பெரிய எண் என்று நினைக்கிறார்கள். நிஜத்தில் தலைகீழ். மடங்குகளில் மிகச் சின்னதே கொடுத்த எண்களில் பெரியதற்குச் சமமாகவாவது இருக்கும். அதைவிடக் குறையவே குறையாது. காரணிகளில் மிகப் பெரியதே கொடுத்த எண்களில் சின்னதைத் தாண்டாது.

எந்தக் கணக்குக்கு எது என்று தெரியவில்லையா? 'எப்போது சேரும், குறைந்தது எத்தனை வாங்கணும்' என்று கேட்டால் மீச்சிறு பொது மடங்கு. '12 முழம் பூவையும் 18 முழம் பூவையும் மிச்சமில்லாமல் ஒரே அளவாக நறுக்கு, எவ்வளவு நீளமாக நறுக்கலாம்' என்று கேட்டால் மீப்பெரு பொதுக் காரணி, ஆறு முழம். சேர்வதற்கு மடங்கு, நறுக்குவதற்குக் காரணி. இப்படிச் சொல்லிக் கொடுங்கள், மறக்காது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்து, காலண்டரில் 55-ஆம் நாளைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டிருப்பதாகச் சொன்னாள். பாட்டியின் மாத்திரைக்கு இனிமேல் அவள்தான் பொறுப்பாம். பின்னாலேயே அவள் அம்மா வந்தாள். ஒரு நோட்டையும் பென்சிலையும் கையில் மறைத்து வைத்துக்கொண்டு, "மாமி, அந்த ஏணி முறையை எனக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டறேளா?" என்றாள்.

போட்டுக் காட்டினேன். இரண்டாவது கணக்கை அவளே போட்டாள். சரியாக வந்தது. அவளுக்கும் கணக்கு வரத்தான் செய்கிறது. என்றைக்கோ யாரோ அவள் எதிரிலும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கும் ஒரு கணக்கு தருகிறேன். மாடித் தோட்டத்தில் ரோஜாவுக்கு 12 நாளுக்கு ஒரு தடவை உரம் வைக்கிறீர்கள். மல்லிகைக்கு 14 நாளுக்கு ஒரு தடவை, செம்பருத்திக்கு 21 நாளுக்கு ஒரு தடவை. இன்று மூன்றுக்கும் சேர்த்து வைத்தாயிற்று. மறுபடி மூன்றுக்கும் ஒன்றாக வைப்பது இன்றிலிருந்து எத்தனை நாள் கழித்து? பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். வந்த விடையை மூன்றாலும் வகுத்துப் பாருங்கள். அப்புறம் அதற்கு முன்னால் ஏதாவது நாள் சேருகிறதா என்று பாருங்கள். மிச்சம் விழாமல், முன்னால் எதுவும் சேராமல் இருந்தால் சரி. திருத்துவதற்கு டீச்சர் வேண்டாம். சிவப்பு மையும் வேண்டாம்.